ஏன பீரோ: டிஷ்வாஷரோடு எட்டு மாதம்

கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர்களுடைய சர்வீஸ் ஆள் "நாளைக்கு வந்தர்றனுங்க மேடம்" என்று சொல்லிப் பத்து நாள் ஆகிறது. அவர் வந்து போகிற வரைக்கும் எனக்குப் பகை வேண்டாம். எந்தக் கம்பெனி வாங்கினாலும் நான் எழுதுவது ஏறக்குறையப் பொருந்தும். மெஷினில் இருக்கிற குறையைவிட எங்கள் வடச்சட்டியில் இருக்கிற குறைதான் ஜாஸ்தி.

கோயம்புத்தூரில் கணபதி பக்கம் வீடு. வீட்டுக்காரர், மாமியார், பதினொன்றாவது படிக்கும் மகள், ஏழாவது படிக்கும் மகன், நான். ஐந்து பேருக்கு இவ்வளவு பாத்திரம் எப்படி விழுகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சிங்க் முன்னால் நின்று எண்ணினேன். ஸ்பூனைச் சேர்க்காமல் அறுபத்தொன்று. ஒரு வாய் காபிக்கு மட்டும் பால் குண்டா, ஃபில்டர் மேல்பாதி, கீழ்பாதி, மூடி, டம்ளர், டபரா. சர்க்கரை போட ஒரு ஸ்பூன், கலக்க ஒரு ஸ்பூன், "இனிப்பு பத்தலை" என்று மகன் எடுத்துவந்து சர்க்கரை டப்பாவுக்குள்ளேயே ஈரத்தோடு விட்டுவிட்டுப் போகிற ஸ்பூன் ஒன்று.

எட்டு வருசமாக வேலைக்கு வந்த அக்கா, மகள் பிரசவத்துக்காக மூன்று மாதம் லீவு சொல்லிவிட்டுப் போனார். முதல் வாரம் வீரமாக இருந்தேன். இரண்டாம் வாரம் விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது. மூன்றாம் வாரம், நான் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு டம்ளர் என் தோளைத் தாண்டி வந்து சிங்கில் விழுந்தது. யார் போட்டது என்று திரும்பிப் பார்ப்பதற்குள் ஆளைக் காணோம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். கல்யாணமாகிப் பதினெட்டு வருசம். கம்பி நார் எந்த மூலையில் இருக்கிறது என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது. "நாப்பத்திமூணாயிரத்துக்கு ஏனம் கழுவற மெசினா?" என்று இழுத்தார். எதிர் வார்த்தை பேசவில்லை, வெடித்த விரலை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். அவ்வளவுதான்.

வாங்குவதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். 13 பிளேஸ் செட்டிங் என்று விளம்பரத்தில் போட்டிருக்கும். ஒரு வெள்ளைக்காரர் சாப்பிட உட்கார்ந்தால் அவருக்கு முன்னால் வைக்கிற பெரிய தட்டு, சூப் தட்டு, சின்னத் தட்டு, கப், சாசர், கிளாஸ், கத்தி, முள்கரண்டி எல்லாம் சேர்ந்து ஒரு செட்டிங். அப்படிப் பதின்மூன்று பேருக்கு இடமிருக்கும். அந்தக் கணக்கில் குக்கர் கிடையாது, இட்லிக் கொப்பரை கிடையாது, நாலு அடுக்கு டிபன் கேரியர் கிடையாது. எங்கள் மெஷினில் ஐந்து லிட்டர் குக்கரை வைத்தாலே கீழ்த்தட்டில் மூன்று செட்டிங் காலி. ஃபிட்டிங்குக்கு 16 ஆம்ப் பிளக், தண்ணீர் வர ஒரு குழாய், கழிவு போக ஒரு வழி, இவ்வளவும் ஒரே மூலையில் வேண்டும். எங்கள் சமையலறையில் அப்படி ஒரே ஒரு மூலைதான் உண்டு. அங்கே கிரைண்டர் இருந்தது. புவிசார் குறியீடு வாங்கிய கோயம்புத்தூர் கிரைண்டர், அதன் சொந்த ஊரிலேயே இப்போது ஹாலில் சோஃபா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதன்மேல்தான் ஹெல்மெட் வைக்கிறார்கள்.

டெமோ காட்ட ஒரு பையன் வந்தான். கரண்டியைக்கூடத் தொடாமல் பாடமாக ஒப்பித்தான். "சாப்பிட்ட பிளேட்டை அலசாமப் போடுங்க. பெரிய எச்சத்தை மட்டும் வழிச்சு எடுத்துட்டாப் போதும். கொஞ்சம் அழுக்கு இருந்தாத்தான் சோப்பு டேப்லெட்ல இருக்கிற, எச்சத்தைக் கரைக்கிற என்சைமுக்கு வேலை."

பக்கத்தில் நின்ற மாமியாருக்கு அது தாங்கவில்லை. "ஏஞ்சாமி, வட்டலைக் கழுவாமப் போட்டா அது எப்படிக் கழுவும்?"

"அதுதாம்மா கழுவும்."

"அதுதான் கேக்கறேன். கழுவாமப் போட்டா எப்படிக் கழுவும்?"

இந்த வாதம் எட்டு மாதமாக முடியவில்லை. ராத்திரி நான் அடுக்கி வைத்துவிட்டு ஹாலுக்குப் போனால், திரும்பி வருவதற்குள் பாதி வட்டல் பளபளவென்று இருக்கும். நைசாக எடுத்துப் பொடக்காளியில், அதாவது கொல்லைப்புறத்தில், சபீனா பவுடர் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து, "இப்பப் போடு கண்ணு, மெசினுக்குச் செரமம் இருக்காது" என்பார். மெஷினுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று எண்ணுகிற ஒரே ஜீவன் அவர்தான்.

அடுத்தது உப்பு. கணபதியில் நல்ல தண்ணி வருகிற நாளில் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைப்போம். மற்றதற்கெல்லாம் போர் தண்ணி. அந்த உப்புத் தண்ணியில் டம்ளர் காய்ந்தால் விபூதி பூசினது மாதிரி வெள்ளை படியும். மெஷினுக்குள் அடிப்பக்கம் ஒரு திருகு மூடி இருக்கிறது. அதற்குள் ஒரு கிலோவுக்கு மேல் பரல் உப்பைக் கொட்டச் சொன்னான் பையன். மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உப்புத் தண்ணியைச் சரி பண்றதுக்கு உப்பா? ஏமாத்தறாங்க, வெவரமா இருந்துக்க."

கேட்கும்போது எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பிறகு வீட்டுக்காரர் கையேட்டைப் படித்துவிட்டு விளக்கினார். தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும்தான் அந்த வெள்ளைப் படிவத்துக்குக் காரணம். மெஷினுக்குள் ரெசின் என்று குட்டிக் குட்டி மணிகள் இருக்கின்றன. தண்ணீர் அதன் வழியாகப் போகும்போது மணிகள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. கொஞ்ச நாளில் மணியெல்லாம் நிரம்பிவிடும். அப்போது உப்புக் கரைசல் வந்து அலசி, மறுபடி பிடிக்கிற பதத்துக்குக் கொண்டுவரும். அந்த உப்பு பாத்திரத்தைத் தொடுவதில்லை, கழிவோடு போய்விடும். சமையல் தூள் உப்பு நைசாக இருப்பதால் கட்டிதட்டி அடைத்துக்கொள்ளும், அதனால் இதற்கென்று விற்கிற பெரிய பரல் உப்புத்தான் போட வேண்டும். எங்கள் தண்ணீருக்கு உப்பு அளவைக் கடைசி எண்ணுக்கு ஏற்ற வேண்டியிருந்தது, அதனால் மாதம் ஒரு கிலோ விழுங்குகிறது. அதற்குப் பிறகுதான் விபூதி நின்றது.

இந்த விளக்கம் சொன்ன ராத்திரியில்தான் வீட்டில் ஒரு மாற்றம் வந்தது. நான் அடுக்கி மூடின மெஷினை அவர் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "இப்படி வெச்சா மேல இருக்கறதுக்குத் தண்ணி எப்படிப் போகும்?" என்று குக்கரை எடுத்தார். கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்று வைத்திருந்ததைப் பிரித்து, ஒவ்வொன்றையும் கவிழ்த்து, லேசாகச் சாய்த்து வைத்தார். மறுநாள் பட்டறையிலிருந்து வெர்னியர் காலிப்பர் கொண்டுவந்தார். நம்புங்கள், கம்பிக்குக் கம்பி இருக்கிற இடைவெளியை அளந்தார். எவர்சில்வர் டம்ளரின் அடிப்பக்கம் குழிவாக இருப்பதால் கவிழ்த்தால் அதில் தண்ணீர் தேங்கும், அதற்கு எத்தனை சாய்வு வேண்டும் என்று பால் கணக்கு நோட்டில் படம் போட்டார்.

பதினெட்டு வருசம் சொல்லியும் சாப்பிட்ட தட்டை எடுத்துவைக்காத மனுசன். வேலை அதேதான். நடுவில் ஒரு மோட்டார் வந்ததும் அது அவர் துறையாகிவிட்டது.

கடுகுக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. மூன்றாம் மாதம் மேல்தட்டு டம்ளர்களில் அழுக்கு அப்படியே நிற்க ஆரம்பித்தது. சர்வீஸுக்குப் போன் போட்டேன், நாளைக்கு என்றார்கள். வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டு மெஷினுக்குள் தலையை விட்டார். தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே சுற்றுகிற கை ஒன்று மேலே இருக்கும், ஃபேன் றெக்கை மாதிரி. அதைத் திருகிக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டினார். கிலுகிலு என்று சத்தம், குழந்தைக் கிலுகிலுப்பையேதான். மகளும் மகனும் ஓடிவந்துவிட்டார்கள். தரையில் பேப்பர் விரித்து, டார்ச் அடித்து, என் கோணி ஊசியை வாங்கி ஒவ்வொரு துளையாகக் குத்தினார். ஒரு கடுகு விழுந்தது. இன்னொன்று. மகன் சத்தமாக எண்ணினான். மொத்தம் பதினொரு கடுகு, ஒரு வெந்தயம், சுருண்டுபோன கறிவேப்பிலை நரம்பு ஒன்று. துளை சரியாகக் கடுகு அளவுதான். உள்ளே போகிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது. ஐரோப்பாவில் உட்கார்ந்து இதை வரைந்தவர்களுக்குத் தாளிக்கத் தெரியாது போலிருக்கிறது.

அன்றிலிருந்து சட்டம்: தாளித்த கரண்டியை வழித்துவிட்டுத்தான் போட வேண்டும். அடியில் இருக்கிற வடிகட்டியை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும். அதில் சேர்கிற தேங்காய்த் துருவலைப் பார்த்தால் அடுத்த வேளை சட்னி இறங்காது.

மெஷினில் போடக் கூடாதது என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு பாத்திரத்தைக் காவு கொடுத்திருக்கிறேன். அலுமினிய இட்லித் தட்டு முதல் நாளே கறுத்துப்போனது, தொட்டால் கையில் மை. டேப்லெட்டில் இருக்கிற காரம் அலுமினியத்துக்கு ஆகாது. புளித்தண்ணீரில் கொதிக்க வைத்துப் பாதி நிறத்தை மீட்டேன். இப்போது எவர்சில்வர் தட்டு வாங்கிவிட்டேன், அது ராஜா மாதிரி நிற்கிறது. இரும்பு தோசைக்கல்லை மகள் தெரியாமல் வைத்துவிட்டாள். ஆறு வருசமாக எண்ணெய் காட்டிப் பழக்கிய கல் துருப்பிடித்து வெளியே வந்தது. அடுத்த நாள் தோசை வரவில்லை, உப்புமாதான் வந்தது. பித்தளை, வெண்கலம், மரக்கரண்டி, நான்ஸ்டிக் எதுவும் கூடாது. மகனுடைய தண்ணீர் பாட்டில் மூடி சூட்டில் கோணிப்போய் இப்போது எந்தப் பாட்டிலுக்கும் சேராது. பிளாஸ்டிக் டப்பாக்கள் மஞ்சள் பூசிக்கொண்டு வருகின்றன. காய்வதும் இல்லை, ஏனென்றால் எவர்சில்வர் மாதிரி அதில் சூடு நிற்காது.

நேரம் பற்றிக் கேட்பீர்கள். ஈக்கோ என்று போட்டால் மூன்றரை மணி நேரம். குறைந்த சூட்டில் நிதானமாக ஊறவைத்துக் கழுவுகிறது, தண்ணீர் பத்து லிட்டர் போல, கரண்ட் ஏறக்குறைய ஒரு யூனிட். பத்து லிட்டரில் நானெல்லாம் வடச்சட்டியைக்கூட முடிக்க மாட்டேன். எண்ணெய்ப் பாத்திரம் நிறைய இருந்தால் 70 டிகிரி புரோகிராம். மாவு காய்ந்து ஒட்டிய பாத்திரத்தை மட்டும் எந்த புரோகிராமிலும் நம்பாதீர்கள், கையால் ஊறவைத்துத்தான் ஆக வேண்டும். டேப்லெட், உப்பு, பளபளப்புத் திரவம், கரண்ட் எல்லாம் சேர்த்து எங்களுக்கு மாதம் எண்ணூறு ரூபாய் போல ஆகிறது.

வேலைக்கு வருகிற அக்கா பேரனைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எப்பப் போட்டது அம்மிணி?" என்றார். எட்டு மணிக்குப் போட்டேன், பதினொன்றரைக்கு முடியும் என்றேன். இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். "மூணரை மணி நேரமா? நான் அதுக்குள்ள ஆறு வீடு முடிச்சுப்போட்டு, பஸ் ஏறி வீட்டுக்கே போயிருவனே!" அவர் வேலையைக் குறைக்கவில்லை. கூட்டித் துடைப்பதும், மெஷின் வேண்டாமென்று தள்ளிய தோசைக்கல், வடச்சட்டி, பித்தளை எல்லாமும் அவர் கையில்தான். சம்பளமும் அதே. மெஷின் அழுக்காக விட்ட ஒரு கிண்ணம் கிடைத்தால் போதும், அதை எனக்குத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் தேய்ப்பார்.

கழுவுகிற முக்கால் மணி நேரம் மிச்சம். ஆனால் அடுக்கக் கால் மணி, காலையில் எடுத்து வைக்கப் பத்து நிமிசம். இந்த எடுத்து வைக்கிற வேலைக்கு மட்டும் வீட்டில் ஒருத்தரும் வருவதில்லை, வீட்டுக்காரர் உட்பட. அதில் மோட்டார் இல்லையே. அதனால் பாத்திரம் அலமாரிக்குப் போவதே இல்லை, உள்ளேயிருந்தே எடுத்துப் புழங்குகிறோம். "கண்ணு, அந்தப் பால் போசி எங்க?" என்று யாராவது கேட்டால் மாமியார் அசராமல், "ஏன பீரோவுல பாரு" என்கிறார். பீரோ என்றே ஒப்புக்கொண்டுவிட்டார். கழுவுகிறது என்பதை மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். அரை கடுகுக்கும், அரை சர்வீஸுக்கும் பிடித்துக்கொண்டேன். இரண்டு பிள்ளைகளும் கைக்குழந்தையாக ராத்திரியில் அலறியபோது புரண்டுகூடப் படுக்காத மனுசன், பதினொன்றரைக்கு மெஷின் பீப் பீப் என்று மூன்று தடவை கூப்பிட்டால் எழுந்து போய்க் கதவைத் திறந்து ஆவியை வெளியே விட்டுவிட்டு வருகிறார். அதற்காக ஒரு நட்சத்திரத்தைக் கழிப்பதா கூட்டுவதா என்று தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

இதை எழுதுகிறபோது மெஷினில் உப்பு தீர்ந்ததைக் காட்டுகிற விளக்கு சிவப்பாக எரிகிறது. நான் பார்க்கவில்லை.