தலையீற்று நாகுக்கு எந்த நாம்பன்: நாட்டு நாம்பனா, சாகிவாலா, ஜேர்சி ஊசியா?

இந்தச் சித்திரையில் என் பட்டியில் 11 நாகுகள் நாம்பனுக்கு விடும் பருவத்தில் நின்றன. மற்ற இடங்களில் கிடாரி என்பார்கள். வன்னியில் எங்களுக்கு அது நாகு, காளை நாம்பன். அத்தனையும் தலையீற்று. பட்டி ஒட்டுசுட்டான் பக்கம், முத்தையன்கட்டுக் குளத்தை அண்டிய காட்டிலும் அறுவடை முடிந்த வயல்களிலும் மேய்கிறது. எனக்கு மூன்று வழி இருந்தது. வேறொரு பட்டியில் இருந்து நாட்டு நாம்பன் ஒன்றைக் கொண்டுவரலாம், பக்கத்து ஊரில் நிற்கும் சாகிவால் கலப்பு நாம்பனுக்கு விடலாம், அல்லது ஜேர்சி ஊசி (அந்த இன நாம்பனின் விந்து) போடுவிக்கலாம். நான் நாட்டு நாம்பனைக் கொண்டுவந்து விட்டேன். இதே யோசனையோடு நிற்கும் பட்டிக்காரர் பலர் பெரிய நாம்பன் பக்கமே சாய்கிறார்கள். அதனால்தான் என் காரணத்தை எழுதி வைக்கிறேன்.

விதை இரண்டும் ஒரே அளவாக இறங்கியிருக்க வேண்டும், பின்னங்கால் நொண்டக் கூடாது, கண்ணில் குறை கூடாது, ஆளை முட்டுகிற குணம் வேண்டாம். இது எல்லா நாம்பனுக்கும் பொது. மாடு வளர்க்கிறவருக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

என் கணக்கை மாற்றியது ஒரு சிவலை நாகு. வேலி பாய்ந்து வந்த பெரிய கலப்பு நாம்பன் ஒன்று அதைச் சினைப்படுத்திவிட்டது. நல்ல உடம்புள்ள கன்று விழும் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். மூன்று வருடத்துக்கு முன், ஒரு மார்கழி விடியப்புறம், பாலை மரத்தடியில் அது படுத்துக் கிடந்தது. கன்றின் முன்னங்கால் இரண்டும் முழங்கால் வரை வெளியே வந்திருந்தன. மூக்கு நுனி தெரிந்தது, நாக்கு நீலம் பாரித்துத் தொங்கியது. குளம்பு இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பின்னிக் கிடந்தன. அப்படிப் பின்னியிருந்தால் தோள் உள்ளே இறுகி நிற்கிறது என்று அர்த்தம். அன்று எனக்கு அது தெரியாது. கணுவுக்கு மேலே கயிறு போட்டு, நாகு முக்குகிற நேரம் பார்த்து, ஒரு காலை, பிறகு மற்றக் காலை என்று மாறிமாறிக் கீழ்நோக்கி இழுத்தோம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. வந்தது நாம்பன் கன்று, செத்துத்தான் வந்தது. சாக்கில் கட்டித் தராசில் தூக்கினேன்: 27 கிலோ. தாய் 170 கிலோகூட இருந்திராது. இடுப்புக்குள்ளே நரம்பு நசுங்கியதில் பின்னங்கால்கள் விரிந்து, மூன்று நாள் அது எழும்பவில்லை. வைக்கோல் பரப்பிப் பக்கம் மாற்றி மாற்றிப் படுக்கவைத்து, வாளியில் தண்ணீர் காட்டி, நாலாம் நாள் எழும்பி நின்றது. அதற்குப் பிறகு ஒரு வருடம் அது நாம்பனைத் தேடவே இல்லை.

ஒரு கன்று போனது, அடுத்த கன்றும் ஒரு வருடம் தள்ளிப் போனது, ஒரு கிழமை ஆள் வேலை போனது. அந்தப் பெரிய நாம்பனால் எனக்குக் கிடைத்தது இவ்வளவும்தான்.

நெடுங்கேணிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அப்போது சொன்னார்: "தம்பி, நாம்பன்ர திமிலைப் பாத்து மயங்காத. அவன்ர கண்டுகள் விழேக்க எவ்வளவு இருந்தது எண்டு கேள்." இதைத்தான் நான் இப்போது எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கிறேன். தலையீற்றில் கன்று சிக்குவதற்கு முதல் காரணம் பிறக்கும்போது கன்றின் எடை தாயின் இடுப்பு வாசலுக்கு மிஞ்சிப் போவது. அந்த எடைக்கான பரம்பரைக் குணத்தில் பாதி தகப்பன் வழியாக வருகிறது. தாயின் இடுப்பை நாங்கள் மாற்ற முடியாது, தகப்பனை மாற்றலாம். ஒடுங்கிய தலை, சரிந்த தோள் உள்ள நாம்பன் என்றால் கன்று இலேசாக வரும் என்ற பேச்சு எங்கும் உண்டு. நான் அதை அவ்வளவு நம்புவதில்லை. எடையைத் தெரிந்துகொண்டால் உருவத்தால் கூடுதலாகத் தெரிய வருவது கொஞ்சம்தான். உயரமான நாம்பனுக்குச் சின்னக் கன்று விழுவதும் உண்டு, கட்டையான நாம்பனுக்குக் கனத்த கன்று விழுவதும் உண்டு. இனத்தின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் பாதி விஷயம்தான் கேட்டதாகும்.

எடையை எப்படி அறிவது? நெல் நிறுக்கிற தொங்கு தராசும் உரச் சாக்கும் போதும். கன்று விழுந்து தாய் நக்கிக் காயவைத்து, கடும்புப்பால் (சீம்பால்) ஒருமுறை குடித்த பிறகு, அதே நாளில் சாக்குக்குள் விட்டுத் தூக்கிப் பார்க்க வேண்டும். நான் மூன்று வருடமாக என் பட்டியிலும், கேட்டு அனுமதித்த இரண்டு பட்டிகளிலும் அப்படித் தூக்கி ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். நாட்டு நாம்பனுக்கு விழுந்த கன்றுகள் அநேகமாக 13இல் இருந்து 16 கிலோ. சாகிவால் கலப்புக்கு விழுந்தவை 18இல் இருந்து 22. இரண்டிலும் நாம்பன் கன்று நாகு கன்றைவிடக் கிலோக் கணக்கில் கூடத்தான் வரும். ஆகவே நாம்பன் கன்றை மனதில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். 22 கிலோ ஐந்தாம் ஈற்று மாட்டுக்கு ஒரு பொருட்டே இல்லை, தலையீற்று நாகுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

இதோடு ஒட்டிய ஒரு பிழையான பழக்கத்தையும் சொல்ல வேண்டும். கன்று பெருக்காமல் இருக்கட்டும் என்று கடைசி இரண்டு மாதமும் நாகுக்குத் தீனியைக் குறைக்கிறார்கள். கன்றின் எடை அதனால் பெரிதாகக் குறையாது. தாய்க்குத்தான் முக்கப் பலம் இல்லாமல் போகும், பாலும் குறையும், திரும்பப் பருவத்துக்கு வரவும் பிந்தும். சின்னக் கன்று வேண்டுமானால் அதை நாம்பன் தெரிவில் செய்ய வேண்டும், தவிட்டு வாளியில் அல்ல.

நாகின் பக்கமும் ஒரு நிபந்தனை உண்டு. வளர்ந்த மாட்டின் எடையில் மூன்றில் இரண்டு பங்கையாவது எட்டாத நாகை எந்த நாம்பனுக்கும் விடக் கூடாது. எங்கள் நாட்டு மாட்டுக்கு அது 140 கிலோவுக்குக் கிட்ட வரும். ஆனால் நாங்கள் விடுகிறோமோ இல்லையோ, பட்டிக்குள் நிற்கும் ஒன்றரை வயது நாம்பன்கள் விட்டு வைப்பதில்லை. ஒரே பட்டியில், அண்ணனும் தங்கையுமாக, உடம்பு தேறாத நாகு சினைப்பட்டு நிற்கும். அதனால் நல்ல நாம்பனைத் தேடிப் போவதற்கு முதல், பட்டியில் நிற்கும் விடலைகளை நலமடிக்க (காயடிக்க) வேண்டும், இல்லை விற்க வேண்டும். நான் மாசியிலேயே ஏழு விடலைகளை நலமடித்துவிட்டேன்.

சரி, சாகிவாலுக்கு வருவோம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பஞ்சாப் வெயிலில் உருவான இனம், எங்கள் ஆடி வெயிலுக்கு அசையாது, உண்ணியையும் தாங்கும். அதன் கலப்பில் வரும் நாகு எங்கள் நாட்டு மாட்டைவிடப் பால் கூடத் தரும், நாம்பன் கன்று மூன்று வயதில் வியாபாரியின் கண்ணை இழுக்கும். இங்கே மாடு தராசில் போவதில்லை, கண்மதிப்பில் போகிறது. உயரமும் திமிலும் விலை. இரண்டாம் ஈற்றில் இருந்து என் மாடுகளைச் சாகிவாலுக்குத்தான் விடுகிறேன், அதில் இதுவரை ஒரு கன்றும் சிக்கவில்லை. தலையீற்றில் மட்டும்தான் தடுக்கிறேன். கன்றின் எடை ஒரு காரணம். நாம்பனின் எடை இன்னொன்று. நன்றாக வளர்ந்த சாகிவால் நாம்பன் 450 கிலோவைத் தாண்டும். அது 150 கிலோ நாகின் மேல் ஏறினால் முதுகும் பின்னங்காலும் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும்.

ஜேர்சி கலப்பு நாகு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஜேர்சி போலத் திமில் இல்லாத இனத்துத் தாய்க்குச் சாகிவால் போலத் திமிலுள்ள இனத்து நாம்பனை விட்டால், கன்று இரண்டு இனத்தின் நடு எடையில் நிற்காது, அதைத் தாண்டிக் கனக்கும், அதிலும் நாம்பன் கன்று. திருப்பிப் போட்டால், அதாவது எங்கள் திமில் மாட்டுக்குத் திமில் இல்லாத இனத்தை விட்டால், தாயின் வயிறே கன்றின் வளர்ச்சியை ஓரளவு அடக்கிவிடும். ஆகவே "சாகிவால் ஜேர்சி நாகுக்கு இலேசு" என்று யாராவது சொன்னால், அவர் தன் கன்றுகளைத் தராசில் தூக்கிப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

அந்தக் கணக்கில் பார்த்தால் ஜேர்சி ஊசி நாட்டு நாகுக்குப் பொருந்தத்தான் வேண்டும். ஜேர்சி சின்ன இனம், கன்று இலேசாக விழுவதற்குப் பேர்போனது. ஊசியில் வருவது பதிவுள்ள நாம்பனின் விந்து. நோய் பரவும் பயமும் இல்லை, நாகின் முதுகுக்கும் பாரமில்லை. வீட்டுக் கொட்டிலில் இரண்டு மூன்று மாடு கட்டி வளர்க்கிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். பட்டிக்கு இடிப்பது பருவம் பார்ப்பதில். எங்கள் இன நாகு பருவத்தில் நிற்பது அரை நாள்தான், அதுவும் பெரும்பாலும் இரவில். காலையில் படலை திறந்தால் காட்டுக்குள் போய்விடும். கண்டுபிடித்து, போன் எடுத்து, ஊசி போடுபவர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்வதற்குள் நேரம் கடந்துவிடும், பிறகு 21 நாள் காத்திருக்க வேண்டும். போன வருடம் இரண்டு நாகுகளைக் கட்டி வைத்து ஊசி போடுவித்தேன். ஒன்று மூன்றாம் தடவையில்தான் பிடித்தது, மற்றது பிடிக்கவே இல்லை. இரண்டு நாகை வைத்து ஊசியை நான் தீர்ப்பளிக்க மாட்டேன். பிறந்த ஜேர்சி கலப்புக் கன்று ஆடி ஆவணியில் நிழலை விட்டு அசையவில்லை என்பதையும், உண்ணி எடுக்க வாரத்தில் ஒரு நாள் போகிறது என்பதையும் மட்டும் சொல்கிறேன்.

பெரிய உடம்புள்ள பிரீசியன் இனத்தைப் பற்றி ஒரு வரி போதும்: தலையீற்று நாட்டு நாகுக்கு வேண்டவே வேண்டாம்.

நாட்டு நாம்பனைத் தெரிந்ததில் எனக்கு நட்டம் உண்டு. விழும் கன்று சின்னது. மூன்று வருடத்தில் அதை விற்கப் போனால் சாகிவால் கலப்புக்குப் பக்கத்தில் நிறுத்த முடியாது. நாகு கன்றும் பால் கூடத் தரப் போவதில்லை. எங்கள் நாட்டு மாடு நாளுக்கு ஒன்று, ஒன்றரை லீற்றர் தந்தால் பெரிது. ஆனால் 11 நாகில் இரண்டு கன்று சிக்கினாலே, மற்ற ஒன்பதின் கூடுதல் விலை அதில் கரைந்துவிடும். கஷ்டமில்லாமல் ஈன்ற நாகு இரண்டு மூன்று மாதத்தில் திரும்பப் பருவத்துக்கு வந்து, சாகிவாலுக்கு நின்று, அடுத்த வருடமே பெரிய கன்றைத் தரும். என் சிவலை அந்த வருடத்தைத்தான் இழந்தது.

சொந்தப் பட்டியிலேயே நாட்டு நாம்பன் நிற்கிறதே என்று கேட்டார்கள். 2009இல் போர் முடிந்த பிறகு திரும்பி வந்து, காட்டில் அலைந்த மாடுகளில் எங்கள் குறி சுட்டவற்றைத் தேடிப் பிரித்து, ஏழு மாட்டில் தொடங்கிய பட்டி இது. இப்போது நிற்பதெல்லாம் அந்த ஏழின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். அதனால் வெளி நாம்பன் கட்டாயம். வவுனிக்குளம் பக்கத்துப் பட்டிக்காரர் ஒருவரோடு மாற்றிக்கொண்டேன்: அவருடைய மூன்று வயது கறுவல் நாம்பன் எனக்கு, என்னுடைய மறை நாம்பன் அவருக்கு. கறுவலின் தாய் ஆறு கன்று சிக்கலில்லாமல் போட்டவள். கறுவலுக்குப் போன வருடம் விழுந்த எட்டுக் கன்றில் ஐந்தை நானே போய்த் தூக்கிப் பார்த்தேன், ஒன்றும் 16ஐத் தாண்டவில்லை. லொறியில் ஏற்றுவதற்கு முன் மிருக வைத்தியர் மூலம் கருச்சிதைவு நோய்க்கு இரத்தம் எடுத்துப் பார்த்தோம். அந்த நோய் பச்சைப்பால் வழியாக மனிதருக்கும் வரும் என்பதால் இதில் சோம்பல் கூடாது. இளம் நாம்பனுக்கு 15 நாகுக்கு மேல் விடக் கூடாது என்பதால் 11 அளவாக இருந்தது.

சித்திரை நடுவில் விட்டு, ஒன்பது கிழமை, அதாவது மூன்று பருவம் கழித்துப் பிரித்துவிட்டேன். சினைக்காலம் ஒன்பதரை மாதம். கன்றுகள் தைக் கடைசிக்கும் பங்குனிக் கடைசிக்கும் இடையில் விழ வேண்டும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் விறைத்து நூற்றுக்கணக்கில் செத்ததைப் பார்த்த பிறகு, மார்கழியில் கன்று விழ விடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். தை பிறந்தால் நிலம் காயும், காலபோக (மாரி நெல்) அறுவடை தொடங்கி வயலில் அடிக்கட்டை மேயக் கிடைக்கும்.

ஒன்பது நாகு கட்டாயம் சினை. மற்ற இரண்டில் கறுப்பி நேற்றுத் திரும்பவும் கத்திக்கொண்டு நின்றது. அதை அடுத்த சித்திரைக்கு வைத்திருக்கிறேன். மற்றதை மிருக வைத்தியர் வரும்போது கை போட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். தராசையும் சாக்கையும் கழுவிக் காயவைத்துக் கொட்டில் வளையில் தொங்கவிட்டிருக்கிறேன்.