பாதி நிரம்பிய நீலமூடிக் குழாய்: ஐஎன்ஆர் பார்ப்பவர்கள் கவனிக்கவும்

அம்மாவுக்கு இதயத்தின் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்து ஆறு வருடம் ஆகிறது. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் செய்த வேலை. இரத்தம் உறையாமலிருக்கத் தினமும் அசிட்ரோம் மாத்திரை, இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் சோதனை மாதம் ஒருமுறை. மைட்ரல் இடத்தில் உலோக வால்வு இருந்தால் அந்த அளவு பொதுவாக 2.5 முதல் 3.5 வரை நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் இரத்தம் உறையும், கூடினால் எங்காவது கசியும்.

நாங்கள் கோபிச்செட்டிபாளையம் பக்கம். மாதாமாதம் கோவைக்கு அலைய முடியாமல், போன ஆவணியில் அருகிலிருந்த ஓர் ஆய்வகத்துக்குப் போனோம். அம்மாவுக்கு நரம்பு எளிதில் அகப்படாது. ஊசி போட்ட பையன் நீலமூடிக் குழாயில் பாதி வந்ததும், "போதுங்க" என்று பஞ்சை வைத்து அழுத்திவிட்டான். அம்மாவுக்கு வலிக்கிறதே என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

மாலையில் அறிக்கை வந்தது: 5.4. ஆறு வருடத்தில் நாலைத் தாண்டாதவர். சாப்பாடு மாறவில்லை, புது மருந்து எதுவும் இல்லை, பல் ஈறில்கூட இரத்தம் இல்லை. உள்ளூர் மருத்துவர் காகிதத்தை மட்டும் பார்த்துவிட்டு, இரண்டு நாள் மாத்திரை வேண்டாம், பிறகு பாதி போடுங்கள், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். மறுபரிசோதனை என்ற பேச்சே எழவில்லை.

இரவில் வாய்க்கால் தவளைகள் ஓய்ந்த பிறகு, அம்மாவின் கட்டிலிலிருந்து கடிகாரம் போல வால்வின் சத்தம் கேட்கும். எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கே அது பழக்கம். மூன்றாவது வாரத்தில் ஓர் இரவு அம்மா எழுந்து உட்கார்ந்து, "அம்மிணி, என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. மூச்சும் முட்டுகிறது" என்றார். விடியட்டும் என்று இருந்துவிட்டுத்தான் கோவைக்குக் கொண்டுபோனோம். அங்கே ஐஎன்ஆர் 1.4. வால்வின் இரண்டு தகடுகளில் ஒன்று இரத்தக்கட்டி பிடித்து அசையாமல் நின்றிருந்தது. கட்டியைக் கரைக்கும் மருந்தே மூளையில் கசிவை உண்டாக்கலாம் என்று சொல்லிக் கையெழுத்து கேட்டார்கள். என் பெயரை எழுதவே கை வரவில்லை. அம்மா பிழைத்துவிட்டார்.

பாதிக் குழாயின் விஷயத்தை அங்கிருந்த ஆய்வகப் பெண்மணிதான் விளக்கினார். அந்தக் குழாயில் இரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் திரவம் முன்பே இருக்கும். அதில் ஒரு பங்குக்கு இரத்தம் ஒன்பது பங்கு என்பது கணக்கு. இரத்தம் குறைந்தால் சிட்ரேட் மிஞ்சி, உறையும் நேரத்தை நீட்டிக் காட்டும். பாதிக் குழாய் வந்தால் நாங்கள் சோதிக்கவே மாட்டோம், திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார். எங்கள் பக்கத்து ஆய்வகத்தில் போய்க் கேட்டதற்கு, வேண்டுமானால் இன்னொரு முறை இலவசமாக எடுத்துத் தருகிறோம் என்கிறார்கள்! என் கோபம் இன்னும் அடங்கவில்லை.

இரத்தம் எடுக்கும்போது பக்கத்தில் நின்று, குழாயில் உள்ள கோடு வரை நிரம்புகிறதா என்று பாருங்கள். நிரம்பாவிட்டால் புதுக் குழாயில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். ஐஎன்ஆர் எண் இல்லாமல், இரத்தம் உறையும் நொடிக் கணக்கு மட்டும் உள்ள அறிக்கையை ஏற்காதீர்கள், அது ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். காரணமே இல்லாமல் எண் எகிறினால், அன்றே மறுபடி சோதித்து, வால்வு வைத்த மருத்துவமனையைக் கேளுங்கள். அசிட்ரோமை நிறுத்தினால் இரண்டே நாளில் அதன் வேலை அடங்கி, வால்வில் இரத்தம் உறைய வழியாகிவிடும். எங்காவது இரத்தம் கசிந்தாலோ, வால்வின் சத்தம் மங்கினாலோ, எங்களைப் போல விடியும்வரை காத்திருக்காதீர்கள்.