ரோமன் ஹாலிடேயா, கமிங் டு அமெரிக்காவா? கல்யாண வீட்டில் எடுத்த முடிவு

அக்காள் மகளின் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை அடுத்த சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டில் நலங்கு முடிந்து, மஞ்சள் வாசம் போகாத முன்னறையில் இருபது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தபோது, இரவுக்கு ஒரு படம் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. காதல் கதையாக இருக்க வேண்டும், சிரிக்க வைக்க வேண்டும், 82 வயது அம்மாவும் 16 வயதுத் தங்கை மகனும் ஒரே அறையில் இருந்து பார்க்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்பன நிபந்தனைகள். அரச குடும்பத்து வாரிசு ஒருவர் தாம் யாரென்பதை மறைத்துக்கொண்டு காதலில் விழும் கதை கல்யாண வீட்டுக்குப் பொருந்தும் என்று தோன்றியது. அந்த வகையில் எனக்குப் பழக்கமான படங்கள் இரண்டு: 1953-இல் வில்லியம் வைலர் இயக்கிய ‘ரோமன் ஹாலிடே’, 1988-இல் ஜான் லாண்டிஸ் இயக்கிய ‘கமிங் டு அமெரிக்கா’. வீட்டில் பாதிப் பேர் இரண்டாவதைக் கேட்டார்கள். நான் முதலாவதைப் போட்டேன். அதற்காக இன்றுவரை கேலிக்கு ஆளாகிவரும் நிலையில், என் பக்கத்து நியாயத்தை எழுதி வைப்பது நல்லது.

இரண்டும் பாரமவுண்ட் நிறுவனத்தின் படங்கள். இரண்டும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓடுபவை. முன்னது கறுப்பு வெள்ளை, பின்னது வண்ணம். முன்னதில் ஆட்ரி ஹெப்பர்ன், கிரிகரி பெக். பின்னதில் எடி மர்ஃபி, ஆர்செனியோ ஹால். சிரிப்பின் எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால் எடி மர்ஃபியின் படமே வெல்லும், அதில் வாதத்துக்கு இடமில்லை. முடிவெட்டும் கடையில் வெட்டிப் பேச்சுப் பேசும் கிழவர்கள் சிலர் எடி மர்ஃபியே என்று தெரிந்த பிறகும், ரிக் பேக்கரின் ஒப்பனைக்குள் அவரைத் தேடிக் கண்டுபிடிப்பது சிரமம். குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்திருக்கும் அறைக்கு எது ஏற்றது என்று கேட்டால், தொடக்கத்தில் வரும் அரண்மனைக் குளியல் காட்சி ஒன்றே போதும், ‘கமிங் டு அமெரிக்கா’ வாசலோடு நின்றுவிடும்.

ஆனாலும் அந்தப் படத்தின் மேல் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஓர் உரிமை உண்டு என்பதை மறுக்க முடியாது. படத்தின் தொடக்கத்தில் ஒலிக்கும் ‘முபுபே’ பாடலைப் பாடுபவர்கள் எங்கள் குவாசுலு நட்டால் மாகாணத்து லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ குழுவினர்; அதை முதன்முதலில் 1939-இல் பாடிப் பதிவுசெய்த சாலமன் லிண்டாவும் இந்த மண்ணில் பிறந்த சூலு இனத்தவர். அந்தக் குரல்களோடு மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஜமுண்டா என்ற கற்பனை நாட்டுக்குள் நாம் இறங்கும்போது, கறுப்பின மன்னர் ஒருவர் யாருக்கும் கைகட்டி நிற்காமல், யானைகள் உலவும் தோட்டத்தோடு, தமக்கென்று ஒரு நாட்டை ஆண்டுகொண்டிருக்கிறார். இனவொதுக்கல் சட்டங்கள் இன்னும் உயிரோடு இருந்த காலத்தில், வாடகைக்கு எடுத்த வீடியோ நாடாவில் அதைப் பார்த்த எனக்கு, கதையைவிட அந்த மன்னரின் நடைதான் நெஞ்சில் நின்றது. மன்னராக நடித்த ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ் சிங்கத்தோலைத் தோளில் போட்டுக்கொண்டு நியூயார்க்கில் வந்து இறங்கும் காட்சிக்கு எங்கள் தெருவில் கைதட்டாத வீடே இல்லை எனலாம்.

அப்படியிருந்தும் நான் ரோமுக்குப் போனதன் காரணம் ஒன்றே ஒன்று: வேடம் கலையும்போது அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி.

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது சினிமா அன்று. சிறுவனாக இருந்தபோது, இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று பெயர் பெற்றுவிட்ட தெருக்கூத்தில், விடிய விடிய வள்ளி கதையைப் பார்த்திருக்கிறேன். முருகன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், பல் போன கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்கிறான், அண்ணனை யானையாக வரவழைத்து அவளை மிரட்டுகிறான். ஏமாற்று வேலைதான். ஆனால் உண்மை வெளிப்பட்ட பிறகும் கதை முடிவதில்லை. வள்ளி தன் வீட்டை விட்டு இரவோடு இரவாகப் போகிறாள், தந்தையும் வேடர் கூட்டமும் வில்லோடு துரத்துகிறார்கள், அவர்கள் மாண்டு விழுந்து மீண்டும் எழுந்த பின்னரே கல்யாணம். வேடத்துக்குக் கணக்குத் தீர்த்த பிறகுதான் மாலை. இந்த அளவுகோலை நான் எல்லா மாறுவேடக் கதைகளிலும் வைத்துப் பார்ப்பவன்.

‘கமிங் டு அமெரிக்கா’வில் இளவரசன் அக்கீமுக்கு அரண்மனை பார்த்து வைத்த பெண், அவன் சொன்னால் ஒற்றைக்காலில் குதித்து நாயைப்போலக் குரைக்கவும் தயாராக இருக்கிறாள். அது பிடிக்காமல், சொந்த புத்தியுள்ள பெண்ணைத் தேடி நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதிக்கு வந்து, உணவகத்தில் தரை துடைத்து, முதலாளியின் மகள் லிசாவைக் காதலிக்கிறான். நியாயமான தொடக்கம். ஆனால் பரீட்சை வைப்பவன் அவன், எழுதுபவள் அவள். தான் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பதே அவளுக்குத் தெரியாது. உண்மையும் அக்கீம் வாயிலிருந்து வருவதில்லை. மன்னரும் அரசியும் நேரில் வந்து நின்றதனால் வெளியாகிறது. லிசா கோபித்துக்கொண்டு ரயிலில் ஏறுகிறாள், அக்கீம் பின்னாலேயே ஏறி அரியணையைத் துறக்கவும் தயார் என்கிறான், அவள் மறுத்து இறங்கிப் போகிறாள். அதுவரை சரி. அடுத்து ஜமுண்டாவில் கல்யாணம். மணப்பெண்ணின் முகத்திரையை விலக்கினால் உள்ளே லிசா.

அவள் எப்போது மனம் மாறினாள், யார் போய்ப் பேசினார்கள், என்ன சொன்னார்கள் என்பதில் ஒரு காட்சிகூட நமக்குக் கிடைப்பதில்லை. சொந்த புத்தியுள்ள பெண் வேண்டும் என்று கடல் கடந்து வந்தவனுடைய கதையில், அந்தப் பெண் தன் புத்தியால் எடுத்த மிகப் பெரிய முடிவு திரைக்குப் பின்னால் நடந்து முடிந்துவிடுகிறது. அக்கீமுக்கோ ஒரு மோதிரம்கூடக் குறையவில்லை. நாடும் உண்டு, பெண்ணும் உண்டு. முதல் தடவை பார்க்கும்போது இது உறுத்தாது, சிரித்த வாய் மூடுவதற்குள் படம் முடிந்துவிடும். ஐந்தாவது, ஆறாவது தடவை பார்க்கும்போது, நகைச்சுவைகள் முன்கூட்டியே தெரிந்துவிட்ட நிலையில், அந்த ஓட்டை மட்டும் பெரிதாகிக்கொண்டே போகிறது.

‘ரோமன் ஹாலிடே’யில் கணக்கு வேறு விதம். எந்த நாட்டு இளவரசி என்று படம் கடைசிவரை சொல்லாத ஆன், யாரையும் சோதிக்க வெளியே வரவில்லை. அவளுக்கு வேண்டியது விடுமுறை. தூக்க மருந்தின் மயக்கத்தில் தெருவோரம் படுத்திருந்தவளைத் தன் அறைக்குக் கொண்டுபோய்த் தூங்க வைத்த பத்திரிகையாளன் ஜோ, மறுநாள் நாளிதழில் படத்தைப் பார்த்து அவள் யாரென்று தெரிந்துகொள்கிறான். தெரியாததுபோல நடித்து, அவளை வைத்தே ஒரு செய்திக் கட்டுரை எழுதிப் பணம் பார்க்கத் திட்டமிடுகிறான். ஆக, மாறுவேடம் போட்டவளே ஏமாற்றப்படுகிறாள். பொய் சொல்பவன் கையைக் கடித்துவிடும் என்று சொல்லப்படும் கல்முகத்தின் வாயில் இருவரும் கைவிடும் காட்சி அதனால்தான் வெறும் வேடிக்கையாக நின்றுவிடுவதில்லை. கை துண்டானதுபோல் பெக் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டதை ஹெப்பர்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை என்றும், அந்த அலறல் நடிப்பன்று என்றும் சொல்வார்கள்.

என் முடிவைத் தீர்மானித்தது கடைசிப் பத்திரிகையாளர் சந்திப்புத்தான். ஆன் அரசவை உடையில் மேடையில் நிற்கிறாள். கீழே வரிசையில் ஜோ. அவன் பத்திரிகையாளன் என்பது அவளுக்கு அந்த நொடியில்தான் தெரிகிறது. பக்கத்தில் நிற்கும் அவன் நண்பனான புகைப்படக்காரன் சிகரெட் லைட்டரைத் தூக்கிக் காட்டுகிறான்; முந்தைய நாள் முழுதும் தன்னை ஒளிந்து படம் பிடித்தது அதுதான் என்று அவளுக்குப் புரிகிறது. முகத்தில் ஒரு நிழல் வந்து போகிறது. நாடுகளுக்கு இடையிலான நட்பைப் பற்றி யாரோ கேட்க, மனிதர்களுக்கு இடையிலான நட்பில் தனக்குள்ள நம்பிக்கையை அதற்கு ஒப்பாகச் சொல்கிறாள். அந்த நம்பிக்கை வீண்போகாது என்று ஜோ எல்லாருக்கும் கேட்கும்படி பதில் சொல்கிறான். சபையில் இருந்த மற்றவர்களுக்கு அது அரசாங்கப் பேச்சு. அவர்கள் இருவருக்கும் அதுதான் மன்னிப்பும் விடைபெறுதலும். பிறகு அவள் இறங்கி வந்து ஒவ்வொருவராகக் கைகுலுக்கும்போது, புகைப்படங்கள் அடங்கிய உறையை ரோமின் நினைவாக என்று சொல்லி நண்பன் அவளிடமே கொடுத்துவிடுகிறான். ஜோ கட்டுரையை இழக்கிறான், அவள் அவனையே இழக்கிறாள். இரண்டு விலையும் நம் கண் முன்னால், ஒரு கண்ணீர்த்துளி விழாமல் செலுத்தப்படுகின்றன.

அம்மா அன்றிரவு தாம்பூலப் பைகளில் வெற்றிலையும் பாக்கும் அடுக்கிக்கொண்டேதான் படம் பார்த்தார். ஸ்கூட்டர் துரத்தலுக்கோ படகில் நடக்கும் அடிதடிக்கோ அந்தக் கை நிற்கவில்லை. கைகுலுக்கும் வரிசை தொடங்கியதும் நின்றது. எல்லாரும் போன பிறகு ஜோ மட்டும் அந்த நீண்ட கூடத்தில், கையைப் பையில் விட்டபடி, நடந்து வருகிறான் அல்லவா, அப்போது மெல்லக் கேட்டார்: “ஏன்யா, அந்தப் பொண்ணு திரும்பி வராதா?” வராதும்மா என்றேன். “வந்தா நல்லா இருக்காது” என்று தாமே சொல்லிவிட்டு அடுத்த பையை எடுத்தார்.

இரண்டு படங்களின் பின்னாலும் பெயர் மறைந்த கதைக்காரர்கள் இருப்பது ஒரு வேடிக்கை. ‘ரோமன் ஹாலிடே’யின் கதைக்கு ஆஸ்கர் விருது கிடைத்தபோது அது இயன் மெக்லெலன் ஹன்டர் பெயரில் வழங்கப்பட்டது; உண்மையில் எழுதிய டால்டன் டிரம்போ, கம்யூனிஸ்ட் என்று ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்ததால் தம் பெயரைப் போட முடியாதவர். அவருக்கு உரிய விருது, அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் 1993-இல் மனைவியின் கையில் வந்து சேர்ந்தது. ‘கமிங் டு அமெரிக்கா’வின் கதை எடி மர்ஃபியின் பெயரில் வந்தது, அதன் மூலக்கரு தம்முடையது என்று அமெரிக்க நகைச்சுவைப் பத்தி எழுத்தாளர் ஆர்ட் புக்வால்ட் தொடுத்த வழக்கில், 1990-இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. படங்கள் கேட்ட கேள்வியை, பார்க்கப்போனால், அவற்றைத் தயாரித்த தொழிலும் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

என் சார்பையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அறுபதை நெருங்குகிறவனுக்குப் பிரிவில் முடியும் படம் பிடிப்பது வயதின் கோளாறாகவும் இருக்கலாம். மணமேடை ஏறப்போகும் பெண்ணுக்கு அப்படியொரு முடிவைக் காட்டியது சரிதானா என்று அக்கா கேட்டபோது என்னிடம் நல்ல பதில் இல்லை. இளையவர்களில் பாதிப் பேர் முதல் இருபது நிமிடத்திலேயே கைப்பேசிக்குள் போய்விட்டார்கள் என்பதும் உண்மை. இளவரசி முடி வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் மூன்று பேர் தலை நிமிர்ந்தார்கள். 2021-இல் வந்த ‘கமிங் 2 அமெரிக்கா’வை ஒரே ஒரு தடவைதான், அதுவும் பாதித் தூக்கத்தில் பார்த்தேன் என்பதால் அதைத் தராசில் ஏற்றவில்லை, இங்கே பக்கத்து குவாமாஷுவில் பிறந்த நொம்சாமோ முபாதா அதில் நடித்திருக்கிறார் என்பதற்காக வீட்டுப் பெண்கள் அதை உயர்த்திச் சொல்கிறார்கள், நான் எதிர்த்துப் பேசவில்லை.

அடுத்து வீடு நிறையப்போவது தீபாவளிக்கு. அன்றைக்கு ஜமுண்டாதான் என்று இளையவர்கள் இப்போதே சொல்லி வைத்துவிட்டார்கள். குளியல் காட்சி வரும் நேரம் பார்த்து அம்மாவைச் சமையலறைக்கு அழைத்துப்போகும் வேலை எனக்கு.