ஏசிஎல் அறுவைக்குப் பிறகு தொடை வலு: இரண்டு வருட அனுபவம்

முட்டி நழுவாமல் பிடித்து வைக்கும் ஏசிஎல் என்ற உள்நார் கிழிந்து, பின்தொடையிலிருந்து ஹாம்ஸ்ட்ரிங் தசைநாரை எடுத்து வைத்து அறுவை செய்துகொண்டு இரண்டு வருடம் தாண்டிவிட்டது. முட்டி நழுவிவிடுமோ என்ற பயம் சில மாதங்களில் போய்விட்டது. தொடையின் முன்தசை, அதாவது குவாட்ரிசெப்ஸ், பழைய வலுவுக்கு வரத்தான் ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது.

முதல் வாரங்களில் "தொடையை இறுக்குங்க" என்று பிசியோ சொல்வார். எவ்வளவு முயன்றாலும் தசை அசையாது. சோம்பலோ பயமோ இதற்குக் காரணம் இல்லை. மூட்டுக்குள் நீர் கோத்திருக்கும் வரை நரம்பு வழியாகவே அந்தத் தசை அடக்கி வைக்கப்படுகிறது. அதனால் வீக்கத்தை வடியவைப்பதும் வலுப் பயிற்சியில் சேர்த்திதான். ஐஸ், காலை உயர்த்தி வைப்பது, மின்தூண்டல் மூன்றும் எனக்கு உதவின. மின்தூண்டலில் வெறும் குறுகுறுப்பு போதாது, தசை சுருங்குவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். படுத்தபடி காலை நேராகத் தூக்கும்போது முட்டி தொய்யாமல் நின்ற பிறகே ஊன்றுகோலை விடச் சொன்னார்கள்.

மூன்று நான்கு மாதத்தில் நடை சீராகிவிடும், மாடிப்படியும் ஏறலாம். பலர் பிசியோவுக்குப் போவதை நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். ஸ்குவாட்டிலும் லெக் பிரஸ்ஸிலும் இடுப்பும் கெண்டைக்காலும் நல்ல காலும் சேர்ந்து பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். அறுவை செய்த கால் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று அங்கே தெரியாது. உட்கார்ந்து முட்டியை நீட்டி எடை தூக்கும் லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினில் ஒற்றைக் காலை மட்டும் வைத்துத் தூக்கியபோதுதான் எனக்கு அது தெரிந்தது. நல்ல கால் எளிதாகத் தூக்கிய எடையை மற்றது பாதி தூரம்கூடக் கொண்டுபோகவில்லை. ஒற்றைக்கால் தாண்டல் சோதனையும் இப்படி ஏமாற்றும். தூரம் சமமாக வந்துவிடும், தொடை வலு சமமாக இருக்காது.

அந்த லெக் எக்ஸ்டென்ஷன் மெஷின் ஏசிஎல்லுக்கு ஆகாது என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. புதிதாக வைத்த தசைநார் முதல் சில மாதங்களில் பலவீனமாக இருக்கும் என்பது உண்மை. அதனால் முட்டி 90 டிகிரி மடங்கிய நிலையிலிருந்து 45 டிகிரி வரை மட்டும் நீட்டும் அளவில் தொடங்கி, பிசியோ சொன்னபடி மெல்ல வீச்சைக் கூட்டினேன். ஆறாம் மாதத்துக்குப் பிறகு எடையையும் நன்றாக ஏற்றினோம். லேசான எடையில் முப்பது முறை ஆட்டினால் களைப்புத்தான் வரும். வலு ஏற, எட்டாவது முறைக்கே திணறும் எடை வேண்டும். மறுநாள் காலையில் முட்டி வீங்கியிருந்தால் எடையைக் குறைப்பேன், இல்லையென்றால் கூட்டுவேன்.

விளையாட்டுக்குத் திரும்ப, நல்ல காலின் வலுவில் 90 சதவீதமாவது வர வேண்டும் என்பது பரவலான அளவுகோல். வசதி இருந்தால், ஒரே வேகத்தில் காலை அசைக்க வைத்துத் தசையின் வலுவை அளக்கும் ஐசோகைனெடிக் மெஷினில் அளந்து பாருங்கள். டேப்பால் தொடைச் சுற்றளவை அளப்பது வலுவைக் காட்டாது. அறுவைக்குப் பிந்தைய ஓய்வில் நல்ல காலும் இளைத்திருக்கும், அதனால் சதவீதம் மட்டும் பார்த்தால் தேறிவிட்டதாகத் தோன்றும். உடல் எடையோடும் ஒப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். 2016-இல் வெளிவந்த டெலவேர்–ஓஸ்லோ ஆய்வில், விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அதைப் படித்த பிறகு அவசரம் எனக்குத் தானாகவே அடங்கிவிட்டது.

இன்று ஓடுகிறேன், திரும்புகிறேன், குதிக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் ஒற்றைக்கால் பயிற்சி தொடர்கிறது. ஒரு குறை மட்டும் மிச்சம். குப்புறப் படுத்துக் குதிகாலைப் பிட்டம் வரை மடக்கும்போது, கடைசிப் பகுதியில் அந்தக் காலுக்கு இழுவை குறைவு. ஹாம்ஸ்ட்ரிங் எடுத்தவர்களிடம் பொதுவாகக் காணப்படுவதுதான் இது. அதற்குப் பதிலாக முட்டிச்சில்லுத் தசைநாரை எடுத்தவர்களுக்கு மண்டியிடும்போது வலிப்பதுண்டு. வேக ஓட்டம், மல்யுத்தம் பழகுகிறவர்கள், மண்டியிட்டு வேலை செய்கிறவர்கள் எந்தத் தசைநாரை எடுக்கப்போகிறார்கள் என்று அறுவைக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.