ஸ்ரேசனடிக் காணி: அசல் கடதாசியைக் காட்டி வாங்கிய 6 இலட்சம்

கிளிநொச்சி அறிவியல் நகர்ப் பக்கம் ரெயில் நிலையத்துக்குக் கிட்டக் காணி தேடுபவர்கள் இதை ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள். எனக்குக் காட்டியதில் ஒன்றுகூடக் கள்ளக் கடதாசி இல்லை. பெர்மிட் அசல், முத்திரை அசல், நொத்தாரிசின் கையெழுத்தும் அசல். அதனால்தான் ஏமாந்தேன்.

பரந்தனில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பொறியியல் பீடத்துப் பிள்ளைகள் அறை தேடி அலைவதைப் பார்த்து, கால் ஏக்கர் வாங்கி நாலு அறை கட்டினால் வாடகை வருமே என்று மனைவியும் நானும் கணக்குப் போட்டோம். தைப்பொங்கல் கழிந்து ஒரு தரகர் வந்தார். மடிப்புக் குலையாத சேர்ட், கையில் சுருட்டிய பிளான்.

"அண்ணை, ஸ்ரேசனிலயிருந்து நடந்து மூண்டு நிமிசம். யாழ்ப்பாணத்துக்கு மணிக்கொரு ரெயின் விடப்போறாங்கள். கந்தோருக்குப் போற சனமெல்லாம் இஞ்சைதான் வந்து குடியிருக்கும். பிறகு நீங்கள் கேட்டாலும் கிடையாது."

வவுனியாவுக்கு வடக்கே ஓடுவது ஒற்றைப் பாதை. ஒரு ரெயினுக்கு வழிவிட மற்றது ஸ்ரேசனில் காத்து நிற்பதை நெடுகப் பார்க்கிறவன் நான். மணிக்கொன்று எப்படி ஓடும் என்று அன்றைக்குக் கேட்க வாய் வரவில்லை. ஆசைதான், வேறென்ன.

காணியை உடனே காட்டவில்லை. அதைத் தாண்டி முறிகண்டி வரை கூட்டிக்கொண்டுபோய், தன் காசில் தேங்காய் வாங்கிப் பிள்ளையாருக்கு உடைத்தார். மனைவிக்கு ஒரு சரை கச்சானும் வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த ஆளைச் சந்தேகிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

காணி ஒரு ஏக்கர், மேட்டுக்காணி. ஒரு மூலையில் தகரக் கொட்டில், அதில் ஒரு ஆச்சி. கயிறு பிடித்து நாலாகப் பிரித்து, மூலைக் கட்டைகளில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். ஆச்சியின் பெயரில் இருந்த பெர்மிட்டைக் காட்டினார். ஆச்சி தன் சார்பில் கையெழுத்து வைக்கச் சொல்லித் தரகருக்கு எழுதிக்கொடுத்த அற்றோணித் தத்துவத்தையும் காட்டினார். "உறுதிப் பத்திரம் பிறகு முடிக்கலாம், இப்ப முற்பணம் போட்டால்தான் துண்டு நிக்கும்" என்றார். சீட்டுக் காசு, அடகு வைத்த சங்கிலி எல்லாம் சேர்த்து 6 இலட்சம் கொடுத்தேன்.

மிச்சக் காசுக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போனபோதுதான் வெளித்தது. கடதாசியைப் புரட்டிப் பார்த்த பிள்ளை, "உறுதி எங்கை அண்ணை?" என்று மட்டும் கேட்டாள். அங்கிருந்து நேரே பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போனேன்.

அங்கே சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் குடியேற்றக் காணிகளில் பெரும்பாலானவை 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்தவை. பெர்மிட் என்பது அரச காணியில் இருந்து பயிர் செய்து வாழ அனுமதி. அதை விற்க முடியாது. பெர்மிட் பிறகு அளிப்புப் பத்திரமாக மாறினாலும், பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கைமாற்றினால் அது செல்லாது. அளிப்பில் குறித்த அளவுக்குக் கீழே துண்டு போடவும் ஏலாது. ஆச்சிக்கே இல்லாத உரிமையை அற்றோணி எனக்கு எப்படிக் கொடுக்கும்? போதாக்குறைக்கு, எழுதிக்கொடுத்தவர் கண்ணை மூடினால் அற்றோணியும் அதோடு சரி. ஆச்சிக்கு வயது எண்பதைத் தாண்டியிருக்கும்.

காசு கொடுக்க முதல் அந்தக் காணிக் கிளைக்குப் பெர்மிட் இலக்கத்தோடு போயிருந்தால், இதெல்லாம் ஒரு காலைப்பொழுதில் தெரிந்திருக்கும். விதானையாரை, அதுதான் கிராம அலுவலரைக், கேட்டிருந்தாலும் தெரிந்திருக்கும். உறுதிக் காணி என்று யாராவது சொன்னால் காணிப் பதிவகத்தில் பதிவைப் பாருங்கள். தரகர் தரும் போட்டோப் பிரதியை வைத்துக்கொண்டு ஒன்றும் முடிவெடுக்காதீர்கள்.

இன்னொன்று. பிளானில் வரைந்திருந்த பாதையை நான் நடந்தே பார்க்கவில்லை. பிறகு தனியே போய்ப் பார்த்தேன். அந்த "மூண்டு நிமிசம்" தண்டவாளத்துக்கு மேலால் ஏறிப் போகும் ஒற்றையடிப் பாதை. கடவையும் இல்லை, கேற்றும் இல்லை. சனம் நடந்து நடந்து விழுந்த தடம். ஒரு லோட் கல் அதால் கொண்டுபோக ஏலாது. என் துண்டின் முன்பக்கத்துப் பற்றையை விலக்கினால் உள்ளே கொங்கிறீற் எல்லைக்கல் ஒன்று. அதற்கு அந்தப் பக்கம் ரெயில்வேக்கு ஒதுக்கிய நிலம். பிளானின்படி என் முதல் இரண்டு அறையும் அதற்குள்தான் வருகின்றன.

எல்லை இப்படிக் குழம்பியதற்குக் காரணம் இருக்கிறது. 1990இல் நின்ற ரெயின் 2013 செப்டெம்பரில்தான் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது. இடையில் சண்டைக் காலத்தில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர் கட்டப் போயின, பாதையைப் பற்றை மூடியது. யார் எங்கே இருந்தார்கள் என்று சொல்ல வேண்டியவர்கள் எத்தனை இடம் இடம்பெயர்ந்தார்கள். அந்த மறதியைத்தான் இப்போது துண்டு போட்டு விற்கிறார்கள்.

தரகர் தொலைபேசியை எடுப்பதில்லை. பொலிஸில் முறைப்பாடு கொடுத்த பிறகு 1 இலட்சத்து 50 ஆயிரம் வந்தது. மிச்சம் "வாற மாதம்". நாலு வாற மாதம் போய்விட்டது.

ஆச்சியிடம் சண்டை பிடிக்கத்தான் போனேன். கொட்டிலுக்குள் கூப்பிட்டு, பனங்கட்டியோடு வெறுந்தேத்தண்ணி தந்தார். அவர் கைக்கு வந்தது 40 ஆயிரம். குத்தகைக்கு விட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான்தான் குத்தகைக்காரன் என்றும் நினைக்கிறார்.

"நல்லதாப் போச்சு தம்பி, வந்திட்டியள். மாரிக்கு முதல் அந்தப் பக்க வேலியை ஒருக்கா அடைச்சுத் தாறியளோ? மாடு உள்ளட்டுப்படுகுது."