மஞ்சள் பெட்டி ஆங்கில அட்டைகள்: வாங்கலாமா?

திருப்பூர் புத்தகத் திருவிழாவில் 380 ரூபாய்க்கு வாங்கிய பெட்டி இது. உள்ளே 120 அட்டைகள். ஏ, பி, சி வரிசையில் அடுக்காமல், ஒரே எழுத்துகள் சேர்ந்து வரும் ஆங்கிலச் சொற்களைக் கட்டுக் கட்டாகப் பிரித்திருக்கிறார்கள். கே-என் ஒரு கட்டு, டபிள்யூ-ஆர் ஒரு கட்டு, எஸ்-என் ஒரு கட்டு, இப்படி. முன்பக்கம் சொல், பின்பக்கம் தமிழில் உச்சரிப்பு, பொருள், ஒரு வாக்கியம். பதிப்பகத்தின் பேர் வேண்டாம், கொஞ்சம் திட்டவும் போகிறேன்.

நான் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். வருவதெல்லாம் ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள். அப்பா, அம்மா பெரும்பாலும் பனியன் கம்பெனி வேலை. அதனால் கே-என் கட்டைப் பிரித்ததுமே வகுப்பு களைகட்டிவிட்டது. பின்னுவது என்னும் 'நிட்' அட்டையைப் பார்த்த ஒரு பையன், "எங்கப்பா நிட்டிங்லதானுங்க மிஸ் இருக்காரு, அதுல கே எங்கிருந்துங்க வந்துச்சு?" என்றான். நியாயமான கேள்வி. பழைய ஆங்கிலத்தில் அந்தக் கே-யை வாய்விட்டே சொல்லியிருக்கிறார்கள். ஜெர்மன்காரர்கள் முழங்காலை இன்றைக்கும் 'க்னீ' என்றுதான் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்த ஒலி தேய்ந்துபோய், எழுத்து மட்டும் அச்சில் தங்கிவிட்டது. அதோடு நிட், முடிச்சு என்னும் நாட் இரண்டும் ஒரே வேரில் வந்தவை. நூலை முடிச்சுப் போடுவதுதான் இரண்டுக்கும் அடிப்படை. "அப்ப பனியனே முடிச்சுதானுங்களா?" என்று அதே பையன். ஆமா சாமி என்றேன். அட்டையில் இதற்கு அரை வரிதான் இருக்கிறது, மீதியை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கொடுத்த காசு டபிள்யூ-ஆர் கட்டிலேயே வந்துவிட்டது. ரிங் என்றால் பிழிவது, ரிஸ்ட் மணிக்கட்டு, ரிங்கிள் சுருக்கம், ரெசில் மல்லுக்கட்டுவது, ரீத் மலர்வளையம், அப்புறம் ரெஞ்ச். எல்லாவற்றிலும் ஒரு முறுக்கல், ஒரு திருகல் ஒளிந்திருக்கிறது. தவறு என்று பொருள்படும் 'ராங்'கூட முதலில் கோணலானது என்றுதான் இருந்தது. ஓர் ஈரத் துண்டைக் கொண்டுவரச் சொல்லி ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் பிழிய வைத்தேன். பிழிகிறபோது திரும்புவது மணிக்கட்டு, பிழிந்த துண்டில் நிற்பது சுருக்கம். மூன்று சொல் ஒரே துண்டில் முடிந்தது. திண்ணைதான் நனைந்துவிட்டது. ஒன்றைக் கவனியுங்கள்: எழுதுவது என்னும் 'ரைட்' இதில் சேராது. அது கீறுவதிலிருந்து வந்த சொல். பெட்டிக்காரர்கள் அதையும் அதே கட்டில் சொருகிவிட்டு ஒன்றும் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

எஸ்-என் கட்டிலும் இதே கதை. ஸ்நோர் குறட்டை, ஸ்னிஃப் மோந்து பார்ப்பது, ஸ்நவுட் என்றால் பன்றி, நாய் இவற்றின் நீண்ட மூக்கு, ஸ்னஃப் மூக்குப்பொடி. எல்லாமே மூக்கைச் சுற்றித்தான். தும்மலுக்கான 'ஸ்னீஸ்' பழைய ஆங்கிலத்தில் எஃப்-என் என்று தொடங்கிய சொல். பிறகுதான் எஸ்-என் கூட்டத்தில் வந்து சேர்ந்தது. இப்படி ஓர் ஒலிக்கூட்டம் ஒரு பொருளைச் சுமப்பதற்கு ஃபர்த் என்ற மொழியியலாளர் 1930இல் பெயரே வைத்திருக்கிறார். ஆனால் அதே கட்டில் ஸ்நேக், ஸ்நோ என்றும் இரண்டு அட்டை. "பாம்புக்கு மூக்கு எங்கீங்க மிஸ்?" என்று கேட்டாள் ஒரு சின்னது. பொருளால் சேர்வது எது, வெறும் எழுத்தால் சேர்வது எது என்று நிறத்தையாவது மாற்றி அச்சடித்திருக்கலாம்.

இனித் திட்டு. டபிள்யூ-ஆர் கட்டின் மேலட்டையே 'டபிள்யூ ஒலிக்காது' என்கிறது. பின்பக்கம் திருப்பினால் 'வ்ரிஸ்ட்' என்று தமிழில் அச்சாகியிருக்கிறது. இதைப் படிக்கிற பிள்ளை என்ன செய்யும்? ஜி-என் கட்டில் 'ரெயின்' என்பதற்குக் கடிவாளம் என்று பொருள் போட்டிருக்கிறார்கள். ஜி இல்லாமல் எழுதினால்தான் கடிவாளம். ஜி வந்தால் ஆட்சி. எழுத்தை வைத்துப் பிழைக்கிற பெட்டியில் இது மன்னிக்கக்கூடிய பிழை இல்லை. ரெஞ்சுக்குத் திருகுகுறடாம். எங்கள் ஊரில் சைக்கிள் கடைப் பையனிடம் போய்த் திருகுகுறடு கேட்டுப் பாருங்கள்.

ஓ-யூ-ஜி-எச் கட்டைக் குழந்தைகள் கையில் கொடுக்கவே வேண்டாம். த்ரூ, டஃப், காஃப், தோ, பௌ என்று ஐந்தும் ஐந்து விதமாக ஒலிக்கின்றன; இவர்கள் ஒரே கட்டில் கட்டி, இதில் மட்டும் பின்பக்க உச்சரிப்பும் இல்லாமல் விட்டுவிட்டார்கள். யூ இல்லாமல் க்யூ வரும் சொற்கள் என்று இன்னொரு கட்டு. எழுத்துகளை அடுக்கிச் சொல் கட்டும் ஸ்க்ராபிள் ஆடுகிறவர்களுக்கு அது பயன்படும், அங்கே க்யூவுக்கு 10 புள்ளி. ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு எதற்கு?

ஒலிக்காத பி கட்டு பரவாயில்லை. கடனைக் குறிக்கும் 'டெட்' பிரெஞ்சு வழியாக பி இல்லாமல்தான் ஆங்கிலத்துக்கு வந்தது. லத்தீன் மூலத்தைக் காட்ட வேண்டும் என்று படித்தவர்கள் பின்னால் பி-யைச் செருகினார்கள். இந்தக் குறிப்பு அட்டையிலேயே இருக்கிறது, சுருக்கமாக, சரியாக.

அட்டை நல்ல தடிமன். லேமினேஷன்தான் மூலையில் பிரிகிறது, ரப்பர் பேண்டும் சீக்கிரம் இற்றுப்போகிறது. கட்டு தனித்தனியாகக் கிடைக்குமா என்று ஸ்டாலில் கேட்டேன், பெட்டியாகத்தான் தருவோம் என்றுவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிற வீடு என்றால் வாங்கலாம். பிள்ளை தானாகவே படித்துக்கொள்ளட்டும் என்று வாங்குவதாக இருந்தால் வேண்டாம், அந்த 'வ்ரிஸ்ட்' வாயில் ஒட்டிக்கொண்டால் அப்புறம் போகாது.