ரீவைண்டிங் முடிந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு ரேஷியோ டெஸ்ட்: தஞ்சாவூர் குழு எப்படி?

மன்னார்குடி பக்கம் ஒரு ரைஸ்மில்லில் மின் பராமரிப்பு என் பொறுப்பு. எங்கள் 250 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர், எச்.டி. (11,000 வோல்ட் பக்கத்து) காயில் புதிதாகக் கட்டி வந்து இறங்கியது. குறுவை நெல் வரத் தொடங்கிவிட்டதால் அன்று சாயங்காலமே மில் ஓடியாக வேண்டும் என்பது முதலாளி கணக்கு. "மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தாச்சு சார், பக்கா" என்றார் காயில் கட்டியவர். இருந்தாலும் ரேஷியோ, அதாவது இரண்டு பக்க வோல்டேஜின் விகிதம், சரியா என்று பார்க்கத் தஞ்சாவூரிலிருந்து டெஸ்டிங் குழுவை வரவழைத்தேன்.

மல்டிமீட்டர் முறை தப்பில்லை. எச்.டி. பக்கம் 400 வோல்ட் கொடுத்தால், எல்.டி.யில் (குறைந்த வோல்டேஜ் பக்கம்) ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 9 வோல்ட் சொச்சம் வர வேண்டும். (பக்கம் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள், எச்.டி. புஷ்ஷிங்கில், அதாவது ஒயர் மாட்டும் பீங்கான் முனையில், பத்தாயிரம் வோல்ட் நிற்கும்.) ஆனால் ஊரெல்லாம் பம்ப்செட் ஓடும் நேரத்தில் அந்த 400 எங்கே நிற்கிறது? ஒரு மீட்டரைப் படித்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பதற்குள் 390 ஆகிவிடுகிறது. ரேஷியோவிலோ அரை சதவீதம் வரைதான் முன்னே பின்னே இருக்கலாம். ரேஷியோ அளப்பதற்கென்றே உள்ள டி.டி.ஆர். மீட்டர் தானே ஒரு சின்ன வோல்டேஜைக் கொடுத்து இரண்டு பக்கத்தையும் ஒரே சமயத்தில் அளப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

வந்தவர்கள் முதலில் லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைப் பிரித்து, எர்த் ராடு போட்ட பிறகுதான் புஷ்ஷிங்கில் கை வைத்தார்கள். அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. 11,000/433 வோல்ட், டெல்டா–ஸ்டார். எல்.டி.யில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 250 வோல்ட் என்பதால், நடு டேப்பில் (டேப் என்பது காயில் சுற்றுகளைக் கூட்டிக் குறைக்கும் இணைப்பு) ரேஷியோ 44 வர வேண்டும். மூன்று ஃபேஸிலும் வந்தது. நானாக இருந்தால் அதோடு மூட்டை கட்டியிருப்பேன். அவர்கள் ஒவ்வொரு டேப்பாகத் திருப்பினார்கள். நாலாவது டேப்பில் ஆர், பி ஃபேஸ் இரண்டும் 42.9 காட்ட, ஒய் மட்டும் 41.8. ஐந்தாவதில் அப்படியே தலைகீழ். ஒய் ஃபேஸின் இரண்டு டேப் ஒயர்களை இடம் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள்!

சீசனில் லைன் வோல்டேஜ் இறங்கும்போது நாங்கள் ஓட்டுவதே அந்த ஐந்தாவது டேப்பில்தான். ஒரு ஃபேஸ் மட்டும் ஆறேழு வோல்ட் குறைந்தால் மோட்டாரில் கரண்ட் ஏற்றத்தாழ்வு பல மடங்காகும். காரணம் தெரியாமல் மோட்டாரை மாற்றிக்கொண்டே இருந்திருப்போம். லோடு இல்லாமலே கோரைக் காந்தமாக்க இழுக்கும் எக்ஸைட்டேஷன் கரண்டையும் குறித்தார்கள். இரும்புக் கோரின் ஓரத்து இரண்டு கால்களிலும் ஏறக்குறைய ஒரே அளவு, நடுக்காலில் கொஞ்சம் கம்மி. அப்படித்தான் இருக்க வேண்டும், அதாவது சுற்றுகளுக்குள் ஷார்ட் இல்லை.

குறை என்றால் ரிப்போர்ட்தான். கையெழுத்துப் போட்ட காகிதம் வர ரொம்ப இழுத்தடித்தார்கள், அதுவும் இரண்டு முறை போன் போட்ட பிறகு. பேசிய தொகைக்கு மேல் கேட்கவில்லை, வண்டி வாடகை மட்டும் தனி.

அடுத்த முறை இவர்களை மில்லுக்குக் கூப்பிட மாட்டேன், ரீவைண்டிங் பட்டறைக்கே அனுப்புவேன். டேங்கை மூடி ஆயில் ஊற்றுவதற்கு முன்பே தெரிந்திருந்தால் மறுபடி திறக்கிற வேலையும் லாரிச் செலவும் மிச்சம்.